சடையன் காட்டுப் பலகை

1

மகள் படிக்கும் பள்ளியின் அலுவலகத்தில் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார்கள். போன ஆண்டு தர்ஷினி ஒரு பருவம் முழுக்க இங்கே வகுப்புக்கு வரவில்லை. அந்த மாதங்களில் எங்கே படித்தாள், என்ன படித்தாள், அந்த வகுப்பு ஊருக்காக என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது குற்றம். அதனால் இதையெல்லாம் விடாமல் கேட்பார்கள்.

"இந்தியா. மலை. அரசுப் பள்ளி. மூன்றாம் வகுப்பு" என்றேன். "ஊருக்கு வழி காட்டும் பலகை வைத்தார்கள்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "பலகையைப் பிள்ளைகள் ஏன் வைக்க வேண்டும்? அங்கே அதற்கென்று ஆட்கள் இல்லையா?"

இருக்கிறார்கள் என்று சொன்னேன். என் கையிலிருந்த ஜெர்மன் அதோடு தீர்ந்தது. மீதியைத் தமிழில்தான் சொல்ல முடியும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் சமையல்காரன். எங்கள் ஊர் கொல்லிமலையில், எடப்புளி நாடு என்று சொல்லும் பகுதியில் இருக்கிறது. இங்கே ஒரு உணவகத்தின் பெயரில்தான் எனக்கு வேலை அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த உணவகம் மூடிவிட்டது. வேறொரு உணவகத்தில் வேலை கிடைத்தாலும், ஊருக்குப் போய் அங்கிருந்து புது அனுமதி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். விண்ணப்பம் வாங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இன்னொரு தாள் கேட்டார்கள். ஒரு மாதம் போய், மழைக்காலமும் போய், சாமை அறுவடை முடியும்வரை அண்ணன் வீட்டில் இருந்தோம்.

எட்டு வயதுப் பிள்ளை அத்தனை நாள் சும்மா வீட்டில் இருக்க முடியுமா? நான் படித்த அதே பள்ளியில் கொண்டுபோய் விட்டேன்.

2

பரிமளா டீச்சர் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர். வாரம் முழுக்க மலையில் ஒரு வாடகை வீட்டில் இருப்பார். விடுமுறைக்குக் கீழே இறங்குவார். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர். அடுத்த அறையில் சின்னப் பிள்ளைகள்.

பருவத்தின் முதல் நாளே பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தத் தடவை மூணாம் வகுப்புக்குப் பெருக்கல் இருக்குதுங்க. அளக்கறது இருக்குது. எங்க ஊர்ச் சந்தையில நான் வாங்கியாற மல்லியையும் சீரகத்தையும் வெச்சே அளந்து பழகப் போறோம். திசை, வழி, நம்ம ஊரு, இதெல்லாம் பாடத்துல வருது. அப்பறம் வகுப்பு சேர்ந்து ஊருக்கு ஒரு வேலை செய்யோணும். என்ன வேலைங்கறதைப் புள்ளைங்களே சொல்லட்டுமுங்க."

தர்ஷினியின் பாடு முதல் வாரத்திலேயே திண்டாட்டமாகிவிட்டது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நாலு வயதில் கூட்டிப் போன பிள்ளை. எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்போம். ஞாயிற்றுக்கிழமைதான் உணவகத்தில் கூட்டம் அதிகம்.

டீச்சர் அவளைக் காலை வேளையில் அடுத்த அறைக்கு அனுப்பினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படிக்க. சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, அங்க நான் மூணாவது. கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டா படிப்பேன். இங்க ஏன் ஒண்ணாவது?"

எழுத்து வந்ததும் மூன்றாம் வகுப்புதான் என்றேன். அதற்குப் பிறகு பல நாள் வீட்டிலேயே அவள் குரல் குறைந்துவிட்டது.

பேச்சிலும் இடறினாள். எல்லோரையும் 'நீ' என்றாள். டீச்சரையும் 'நீ', பெரியப்பாவையும் 'நீ'. எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு 'ங்க' விட்டுப்போனால் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று. மரியாதை தெரியாத பிள்ளை என்று அண்ணி நினைத்துவிட்டார். எனக்கே பிறகுதான் புரிந்தது. அவள் தமிழ் கற்றது எங்கள் இரண்டு பேரிடம் மட்டும். நாங்கள் அவளிடம் பேசுவதெல்லாம் 'நீ வா, நீ சாப்பிடு'தான். அதைத்தான் அவள் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. ஜெர்மனில் பஸ்ஸும் மழையும் ஆண்பால். சூரியன் பெண்பால். ஒருநாள் பள்ளி வாசலில் நின்று "பஸ் வந்துட்டான்!" என்று கத்தினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே வந்தாள். ஆனால் மறுவாரம் நான் அந்தப் பக்கம் போனபோது, பள்ளிக்கூடமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. "மழை வந்துட்டான், ஓடுங்க!" "சூரியன் போயிட்டா!" கேலி எப்போது விளையாட்டாக மாறியது என்று தெரியவில்லை. காவேரி என்கிற பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

3

ஊருக்கு என்ன வேலை செய்யலாம் என்று டீச்சர் கேட்டபோது முதலில் வந்த பதில்களை தர்ஷினி வீட்டில் வந்து சொன்னாள். ஊஞ்சல் கட்டலாம். பிஸ்கட் கடை வைக்கலாம். பஸ்ஸை இன்னும் நாலு தடவை வரச் சொல்லலாம்.

அப்போது காவேரி எழுந்து, "எங்கம்மாவப் பாம்பு கடிச்சப்ப ஆம்புலன்ஸ் மேல்வளவுக்கு வராம கீழ்வளவுல போயி நின்னுக்குச்சுங்க டீச்சர்" என்றாளாம். "எங்கப்பா அம்மாவத் தோள்ல போட்டுக்கிட்டு அங்க வரைக்கும் ஓடுனாரு."

அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காவேரியின் அம்மா பிழைத்துவிட்டார். இன்றும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடப்பார். எங்கள் மலையில் வீடுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இங்கே பத்து வீடு, ஒரு சரிவு தாண்டி எட்டு வீடு. அப்படி ஒவ்வொரு கூட்டமும் ஒரு வளவு. நடுவில் காடும் கழனியும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும். தார் ரோட்டிலிருந்து பிரியும் மண் வழிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். போனில் சிக்னல் ஒரு மேட்டில் கிடைக்கும், அடுத்த பள்ளத்தில் கிடைக்காது. கீழேயிருந்து வருகிற டிரைவர் என்ன செய்வார்?

பலகை வைப்பது என்று வகுப்பு முடிவு செய்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் தோறும் டீச்சர் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனார். ஒரு வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு. வழியில் எது இடதுபக்கம், எது வலதுபக்கம், எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்த்து வந்து, வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். வீட்டுக்கு ஒரு கூழாங்கல். ஓடைக்கு நீலச் சாயம். அந்தத் தரையை மட்டும் யாரும் பெருக்கவில்லை. மற்ற பாடத்துக்கு எல்லோரும் சுவரோரம் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணன் கூரை மாற்றி மிச்சம் வைத்திருந்த தகரத்தைக் கொடுத்தார். பள்ளிச் சுவருக்கு அடித்து மீந்த பெயிண்ட் இருந்தது. தகரத்தை வெட்டி விளிம்பை மடக்கித் தட்டும் வேலை எனக்கு வந்தது. தூதரகத்தின் அனுமதிக்குக் காத்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை!

ஒவ்வொரு பலகையாக ஏறியது. ஓடைத் திருப்பத்தில் ஒன்று, பள்ளிக்கு எதிரில் ஒன்று. முக்கியமான இடம் ஒன்றுதான் மிச்சம். தார் ரோட்டிலிருந்து வரும் வழி மேல்வளவுக்கும் கீழ்வளவுக்கும் பிரிகிற இடம். அன்றைக்கு ஆம்புலன்ஸ் தவறியதும் அங்கேதான். அந்த இடம் சடையன் என்பவருடைய காட்டு ஓரம்.

4

சடையன் அறுபதைத் தாண்டியவர். அந்தக் காட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும் போடுவார், ஓரத்தில் மிளகு. யாரோடும் சண்டை கிடையாது, யாரோடும் ஒட்டுதலும் கிடையாது. நானும் டீச்சரும் பிள்ளைகளுமாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வேண்டாமுங்க" என்றார்.

"நட்டா இடம் அடைக்கும்னு பாக்கறீங்களா? மரத்துல வேணா ஆணி அடிச்சுக்கறோமுங்க" என்றார் டீச்சர்.

"மரத்துலயும் வேண்டாமுங்க. மண்ணுலயும் வேண்டாம்."

தர்ஷினி முன்னால் வந்தாள். "நீ ஏன் வேண்டாம்னு சொல்ற?"

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். காவேரி அவள் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்கன்னு சொல்லோணும்" என்று காதில் சொன்னாள்.

"நீங்க ஏன் வேண்டாம்னு சொல்றீங்க?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்.

"எங்கப்பன் இருக்கறப்ப அளக்கறதுக்குன்னு யாரோ வந்தாங்க. ஓரமா ஒரு கல்லு நட்டுட்டுப் போனாங்க. கல்லுத்தான, கெடக்கட்டும்னு உட்டுட்டோம். அடுத்த வருசம் வந்து, கல்லுக்கு அந்தப்பக்கம் உங்களுது இல்லைன்னுட்டாங்க. கல்லு மேல என்னமோ எழுதியிருந்துச்சுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியல. இன்னிக்கும் தெரியாது. எழுத்து இருக்கற எதையும் என்ற மண்ணுல உடமாட்டேன். நீங்க போங்க."

பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு தாளை நீட்டி 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்கிற மனிதர்களுக்கு முன்னால் நானும் ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் நடந்ததை டீச்சர்தான் எனக்குச் சொன்னார். பலகையில் என்ன எழுதியிருந்தோம் என்று கேட்டிருக்கிறார். 'மேல்வளவுக்கு வழி' என்று பிள்ளைகள் சொன்னார்கள். தர்ஷினி கையைத் தூக்கினாள்.

"அந்த இடத்துக்கு என்ன பேரு டீச்சர்?"

"சடையன் காடு" என்று மொத்த வகுப்பும் சொன்னது. இது என்ன கேள்வி என்பது போல.

"அப்போ அதை ஏன் எழுதல? எங்க ஊர்ல ஒவ்வொரு தெருவுக்கும் பேர் எழுதியிருக்கும்."

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாராம். "நான் இத்தனை வருசமா இங்க இருக்கறேன், எனக்குத் தோணலைங்க" என்றார் என்னிடம். "அவரு பேரையே எழுதுனா, அது அவரு மண்ணுன்னு ஊருக்கே சொன்ன மாதிரித்தான?"

5

அந்தப் பலகையை அழித்துப் புதிதாக எழுதினார்கள். மேலே பெரிய எழுத்தில் 'சடையன் காடு'. கீழே சின்னதாக இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு மேல்வளவு, கீழ்வளவு.

மறுபடி கொண்டுபோய் நின்றபோது சடையன் பலகையை நீண்ட நேரம் பார்த்தார். டீச்சர் படித்துக் காட்டப் போனார். சடையன் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க இருங்க டீச்சர். புள்ளைங்க ஒவ்வொண்ணா வரட்டும். மத்ததெல்லாம் தள்ளி நில்லுங்க."

காவேரியைக் கூப்பிட்டார். அவள் மளமளவென்று படித்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளை. பிறகு இன்னொன்று. எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எல்லாம் மனப்பாடம்" என்றார். "சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கறீங்க."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பார்வை என் பின்னால் நின்ற தர்ஷினி மேல் போனது.

"ஏனுங்க, இது உங்க புள்ளைதான? வெளிநாட்டுல இருந்து வந்தது? இதுக்கு எழுத்து வராதுன்னு சொன்னாங்களே?"

"இப்பத்தானுங்க கத்துக்கறா" என்றேன்.

"இதைக் கூப்புடுங்க."

என் பிள்ளையின் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால், அதுவும் காவேரி பார்த்துக்கொண்டிருக்க, தடுமாறிப் படிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். "ச." அடுத்தது அவளை எப்போதும் கவிழ்க்கிற எழுத்து. கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் ஓசை பின்னால் வர வேண்டும். "ஐ... ட..." என்றாள். நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். "ச... ட... டை. டை!" விரல் நகர்ந்தது. "ய. ன்."

உதடுகளுக்குள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சடையன். இது உங்க பேரு."

"மிச்சத்தையும் படி கண்ணு" என்றார் அவர். 'காடு' வந்தது. 'மேல்வளவு' வர இன்னும் நேரமானது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிடத் துடித்து காவேரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இது சொல்றது நெசம்" என்றார் சடையன். "பொய் சொல்ற அளவுக்கு இதுக்கு இன்னும் எழுத்து வரல. நடுங்க டீச்சர். மரத்துல வேண்டாம். மண்ணுலயே நடுங்க."

குழியை அவரே வெட்டினார்.

6

அத்தோடு விடவில்லை அவர். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் மடித்த உரச் சாக்கு.

"அந்தப் புள்ளை ஊட்டுல இருக்குதுங்களா?"

சாக்கை விரித்தார். அவள் விரல் வைத்துப் படித்தாள். அதில் ஆங்கிலமும் இருந்தது, ஜெர்மனுக்கும் அதே எழுத்துதான். ஆங்கிலத்தை அவள் சரசரவென்று படிக்கத் தொடங்கியதும் அவர் கையை ஆட்டினார். "அது வேண்டாஞ் சாமி. ஓடுது. தமிழைப் படி."

பிறகு ஒருநாள் மாத்திரை அட்டை, ஒருநாள் கல்யாணப் பத்திரிகை, ஒருநாள் சந்தையில் சாமான் கட்டி வந்த செய்தித்தாள் துண்டு. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நின்றபடியே, அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பருவத்தில் என் மகள் தமிழ் படிக்கக் கற்றது பாதி ஒன்றாம் வகுப்பில், பாதி சடையனுக்காக. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே டீச்சர் அவளைக் காலையிலும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்.

ஒருநாள் பனி இறங்கிக்கொண்டிருந்த மதியம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் வளவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வண்டி நேராக வந்து நின்றது. வழி கேட்டீர்களா என்று டிரைவரை அண்ணன் விசாரித்தார். "எதுக்குங்க? அதான் எழுதியிருக்குதே" என்றார் அவர். கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

7

பொங்கலுக்குப் பிறகு அனுமதி வந்தது. கிளம்பும் நாளில் பஸ்ஸுக்குப் பெட்டியோடு நடந்து வந்தபோது சடையன் காட்டோரம் நின்றிருந்தார். ஒரு மஞ்சள் பையில் கொஞ்சம் மிளகு கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஊரு எழுத்து உங்களுக்கு வருங்களா?"

தமிழில் இவ்வளவு எழுதுகிற நான், இங்கே வீட்டுக்கு வரும் கடிதத்தில் ஒரு பத்தியைக்கூட முழுதாகப் படிக்க முடியாதவன். மனைவி ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். அவளுக்கும் அதே கதிதான்.

"வராதுங்க" என்றேன். "இவதான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுவா."

அவர் தர்ஷினியிடம் குனிந்தார். "உங்கப்பனுக்கும் இப்படித்தான் வெரல் வெச்சுப் படிப்பியா கண்ணு?"

"இல்லீங்க. வேகமாப் படிப்பேன். சில வரி விட்டுடுவேன்."

எனக்கு இது புதுச் செய்தி. "எதை விடுவே?" என்று கேட்டேன்.

அவள் செருப்பால் மண்ணைக் கிளறினாள். "உங்களைத் திட்டற மாதிரி எழுதியிருப்பாங்கப்பா. நீங்க கத்துக்க மாட்டேங்கறீங்க, உங்களுக்கு அக்கறை இல்லைன்னு. அதைச் சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

தூரத்தில் பஸ் வளைவு திரும்பும் சத்தம் கேட்டது. சடையன் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தார்.

"அதையும் படிச்சுச் சொல்லோணும் சாமி. என்ன திட்டறாங்கன்னு தெரிஞ்சாத்தான மனுசன் வாயைத் தொறந்து பதில் பேசுவான்? எங்கப்பனுக்குத் தெரியல. அதனால பேசல."

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் அம்மாவிடம் உட்கார்ந்தாள். எழுபது வளைவும் இறங்கும்வரை நான் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைச் சின்னப் பிள்ளையாக நினைத்து என் மகள் எத்தனை நாளாகக் காத்துவந்தாளோ!

இங்கே வந்த மறுமாதம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த முறை அவள் எல்லா வரியையும் படித்தாள். ஜெர்மன் மொழி வகுப்புக்கு நான் வருவதே இல்லை, கற்றுக்கொள்ள எனக்கு ஆர்வம் இல்லை என்று அதில் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அவள் பேச முன்வந்தாள். நீ இரு என்று சொல்லிவிட்டு நானே ஜெர்மனில் பேசினேன். எனக்கு ஆர்வம் இருக்கிறது. வகுப்பு சாயங்காலம் நடக்கிறது. சாயங்காலம் நான் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். காலையில் வகுப்பு இருந்தால் வருவேன். இவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்தார். செவ்வாயும் வியாழனும் காலையில் ஒரு வகுப்பு இருக்கிறது, பெயரைச் சேர்க்கவா என்று கேட்டார்.

திரும்பும்போது ரயிலில் தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு இடத்துல இலக்கணம் தப்பு அப்பா" என்றாள்.

"சரி. பதில்?"

"பதில் சரியாத்தான் சொன்னீங்க."